கல்லூரி மாணவரிடையே எச்.பி.வி தடுப்பூசி

எச்.பி.வி தடுப்பூசி என்பது மனிதப் பாப்பிலோமா வைரசு (சுருக்கமாக எச்.பி.வி) என்னும் தீநுண்மத்தின் தொற்றைத் தடுப்பதற்காக இடப்படும் தடுப்பூசி ஆகும். பெண்களுக்கு ஏற்படும் கருப்பை வாய்ப் புற்றுநோயில் ஏறத்தாழ அனைத்துக்கும் இவ்வைரசே காரணமாகும். இருபாலருக்கும் ஏற்படும் வேறு சில புற்றுநோய்களுக்கும் இது காரணமாக அமைகின்றது. இத்தடுப்பூசியைத் தேசிய அளவில் வழங்கும் நாடுகளுள் பெரும்பாலானவை 9 முதல் 14 வயது வரையான சிறுமியருக்கு முதலிடம் தருகின்றன. அவ்வயதில் இதனைப் பெறாதவர்கள் கல்லூரிப் பருவத்திலும் பெறலாம். அப்போது கிடைக்கும் பயன் குறைவானதே ஆயினும் இல்லாமற் போவதில்லை.

பள்ளிச் சிறுமிக்குத் தடுப்பூசி இடுவது பற்றி முடிவெடுப்பவர் பெற்றோர் ஆவர். 18 வயது நிரம்பிய கல்லூரி மாணவர் தமக்குரிய முடிவைத் தாமே எடுக்க வேண்டியவர். எனவே இவ்வைரசு பற்றியும் தடுப்பூசி பற்றியும் கல்லூரி மாணவர்களிடம் உள்ள நலவாழ்வு அறிவு, பொதுநலவாழ்வுத் துறையில் தனியாக ஆராயப்படும் ஒரு பொருளாக உள்ளது.

வைரசும் நோயும்

மனிதப் பாப்பிலோமா வைரசு, ஏறத்தாழ 8,000 இணை காரங்களைக் கொண்ட வட்ட வடிவ ஈரிழை டி.என்.ஏ-யை மரபுப் பொருளாக உடைய சிறிய வைரசு ஆகும். இதில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் அறியப்பட்டுள்ளன. அவை எண்களால் குறிக்கப்படுகின்றன. பெரும்பாலானவை தீங்கற்றவை அல்லது தோலில் மருக்களை மட்டும் உண்டாக்குபவை. ஏறத்தாழ 14 வகைகள் புற்றுநோயை உண்டாக்கவல்லவை என்பதால் உயர் இடர் வகைகள் எனப்படுகின்றன. இவற்றுள் 16, 18 ஆகிய இரு வகைகளே கருப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 விழுக்காட்டுக்குக் காரணமாகும். 6, 11 ஆகிய வகைகள் புற்றுநோயை உண்டாக்குவது மிக அரிது. ஆயினும் பிறப்புறுப்பு மருக்களில் சுமார் 90 விழுக்காடு இவற்றால் ஏற்படுகின்றது.

இவ்வைரசு பாலுறவின் வழியாகவும், பிறப்புறுப்புப் பகுதித் தோலின் நெருங்கிய தொடர்பாலும் பரவுகின்றது. ஆணுறை பயன்படுத்துவது தொற்றும் வாய்ப்பைக் குறைக்கின்றது. எனினும் ஆணுறை மூடாத பகுதியிலும் வைரசு இருக்கக்கூடும் என்பதால் முழுப் பாதுகாப்பு கிடைப்பதில்லை. பாலுறவில் ஈடுபடும் மக்களுள் மிகப் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒருமுறையேனும் இத்தொற்றைப் பெறுகின்றனர். பொதுவாக எவ்வித அறிகுறியும் தோன்றுவதில்லை. தொற்றியவர்களுள் பத்தில் ஒன்பது பேருக்கு, உடலின் எதிர்ப்பாற்றலால் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்குள் தொற்று தானே நீங்கிவிடுகின்றது.

எஞ்சியவர்களுக்கு உயர் இடர் வகை நீண்டகாலம் நிலைத்துவிடும்போதே ஆபத்து தொடங்குகின்றது. வைரசின் ஈ6 எனப்படும் புரதம், உயிரணுவின் காவலர் போன்று செயற்படும் பி53 புரதத்தை அழிக்கின்றது. ஈ7 எனப்படும் புரதம், உயிரணுப் பிரிவைக் கட்டுப்படுத்தும் மற்றொரு புரதத்தைச் செயலிழக்கச் செய்கின்றது. இதனால் கருப்பை வாயின் மேற்பரப்பு உயிரணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகி, முதலில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்களாகவும் பின்னர்ப் புற்றுநோயாகவும் மாறுகின்றன. இதற்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் வரை ஆகின்றன. எச்.ஐ.வி தொற்று போன்றவற்றால் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கு இக்கால அளவு சுருங்குகின்றது. கல்லூரிப் பருவத்தில் பெற்ற தொற்று நாற்பது வயதை ஒட்டிய காலத்தில் புற்றுநோயாக வெளிப்படுவது இந்நீண்ட இடைவெளியினாலேயே ஆகும்.

2022 ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி, உலகில் அவ்வாண்டில் ஏறத்தாழ 6,60,000 பெண்கள் இந்நோய்க்கு உள்ளாயினர். ஏறத்தாழ 3,50,000 பேர் இறந்தனர். இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 1,27,000 பேர் புதிதாக நோயுற்றனர். இறந்தோர் தொகை 80,000-ஐ நெருங்கியது. இந்தியப் பெண்களிடையே மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்ததாகக் கருப்பை வாய்ப் புற்றுநோயே மிகுதியாகக் காணப்படுகின்றது.

தடுப்பூசியின் வரலாறு

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் இவ்வைரசுக்கும் உள்ள தொடர்பை நிறுவியவர் ஜெர்மானிய அறிவியலாளர் அரால்டு சூர் ஹவுசன் ஆவார். இவரது குழுவினர் 1983 ஆம் ஆண்டில் 16 ஆம் வகையையும், 1984 ஆம் ஆண்டில் 18 ஆம் வகையையும் புற்றுநோய்த் திசுக்களில் கண்டறிந்தனர். உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் வளர்க்கப்படும் ஹீலா உயிரணுக்களிலும் 18 ஆம் வகையின் மரபுப் பொருள் உள்ளது. அவ்வுயிரணுக்கள் கருப்பை வாய்ப் புற்றுநோயால் 1951 ஆம் ஆண்டில் இறந்த என்றியெற்றா லாக்சு என்னும் அமெரிக்கப் பெண்மணியின் உடலில் இருந்து பெறப்பட்டவை. தமது கண்டுபிடிப்புக்காகச் சூர் ஹவுசன் 2008 ஆம் ஆண்டின் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார்.

இவ்வைரசை ஆய்வுக்கூடத்தில் வளர்ப்பது கடினம். மேலும் அதன் மரபுப் பொருள் புற்றுநோயைத் தூண்டவல்லது. எனவே முழு வைரசைக் கொண்டு தடுப்பூசி உருவாக்கும் வழக்கமான முறை இதற்குப் பொருந்தவில்லை. ஆஸ்திரேலியாவின் குயின்சுலாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இயன் பிரேசர், சியன் சோ ஆகியோர், வைரசின் வெளியுறைப் புரதம் மட்டும் ஒன்றுசேர்ந்து வைரசு போன்ற துகளாக அமைவதை 1991 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஐக்கிய அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் தக்ளசு லோவி, யோன் சில்லர் ஆகியோர் இத்துகள்கள் வலுவான எதிர்ப்பாற்றலைத் தூண்டுவதைக் காட்டினர். இவ்வாய்வுகளின் அடிப்படையில் உருவான முதல் தடுப்பூசிக்கு 2006 ஆம் ஆண்டு சூன் மாதத்தில் ஐக்கிய அமெரிக்கா ஒப்புதல் அளித்தது.

வகைகள்

பயன்பாட்டுக்கு வந்துள்ள தடுப்பூசிகளுள் முதன்மையானவை பின்வருமாறு:

* கார்டசில்: 6, 11, 16, 18 ஆகிய நான்கு வகைகளுக்கு எதிரானது. 2006 ஆம் ஆண்டில் அறிமுகமானது.
* செர்வாரிக்சு: 16, 18 ஆகிய இரு வகைகளுக்கு எதிரானது. 2007 ஆம் ஆண்டில் அறிமுகமானது.
* கார்டசில் 9: மேற்கண்ட நான்குடன் 31, 33, 45, 52, 58 ஆகியவற்றையும் சேர்த்து ஒன்பது வகைகளுக்கு எதிரானது. 2014 ஆம் ஆண்டு திசம்பரில் ஐக்கிய அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. கருப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 90 விழுக்காட்டுக்குக் காரணமான வகைகள் இதில் அடங்குகின்றன.
* செக்கோலின்: சீனாவில் உருவாக்கப்பட்டது. 16, 18 ஆகிய இரு வகைகளுக்கு எதிரானது. 2019 ஆம் ஆண்டில் ஒப்புதல் பெற்றது.
* செர்வாவேக்: புனேயில் உள்ள இந்திய சீரம் நிறுவனம் தயாரிப்பது. 6, 11, 16, 18 ஆகிய நான்கு வகைகளுக்கு எதிரானது. 2022 ஆம் ஆண்டு சூலையில் இந்தியாவில் ஒப்புதல் பெற்றது.

செயற்படும் விதம்

இத்தடுப்பூசிகளில் வைரசின் வெளியுறைப் புரதமான எல்1 மட்டுமே உள்ளது. இப்புரதத்தின் மரபணுவை ஈசுட்டு போன்ற உயிரணுக்களில் செலுத்திப் புரதம் பெறப்படுகின்றது. 360 எல்1 மூலக்கூறுகள் தாமாகவே ஒன்றுசேர்ந்து, வெளித்தோற்றத்தில் வைரசை ஒத்த ஒரு வெற்றுக் கூடாக அமைகின்றன. உள்ளே டி.என்.ஏ இல்லாமையால் இத்துகள் தொற்றை உண்டாக்காது, புற்றுநோயையும் உண்டாக்காது. உடலோ இதனை உண்மையான வைரசு எனக் கருதி மிகுதியான பிறபொருளெதிரிகளை உருவாக்குகின்றது. பின்னர் உண்மையான வைரசு வரும்போது, அது உயிரணுவுக்குள் நுழையும் முன்னரே இப்பிறபொருளெதிரிகள் அதனைத் தடுத்துவிடுகின்றன.

வைரசு உயிரணுவுக்குள் நுழைந்துவிட்ட பின்னர் இப்பிறபொருளெதிரிகளால் பயனில்லை. எனவே இத்தடுப்பூசி, ஏற்கனவே உள்ள தொற்றையோ புற்றுநோயையோ குணப்படுத்துவதில்லை. வைரசை எதிர்கொள்வதற்கு முன்பே இதனைப் பெறுவது சிறந்தது என்று கூறப்படுவதற்கு இதுவே அடிப்படை.

வயதும் பயனும்

தடுப்பூசி பெற்ற வயதுக்கும் பயனுக்கும் உள்ள தொடர்பைப் பெருந்தொகையான மக்களிடம் நடத்தப்பட்ட ஆய்வுகள் தெளிவாகக் காட்டியுள்ளன. இங்கிலாந்தில் 2008 ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டத்தின் விளைவுகள் 2021 ஆம் ஆண்டில் வெளியாயின. அதன்படி 12-13 வயதில் தடுப்பூசி வழங்கப்பட்ட பெண்களிடையே கருப்பை வாய்ப் புற்றுநோய் 87 விழுக்காடு குறைந்திருந்தது. 14-16 வயதில் வழங்கப்பட்டவர்களிடையே 62 விழுக்காடும், 16-18 வயதில் வழங்கப்பட்டவர்களிடையே 34 விழுக்காடும் குறைந்திருந்தது. சுவீடனில் 2020 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், 17 வயதுக்கு முன் தடுப்பூசி பெற்றவர்களிடம் 88 விழுக்காடும், 17 முதல் 30 வயதுக்குள் பெற்றவர்களிடம் 53 விழுக்காடும் நோய் குறைந்திருந்தது. 12-13 வயதில் முழுமையாகத் தடுப்பூசி பெற்ற பெண்கள் எவருக்கும் இப்புற்றுநோய் ஏற்படவில்லை என்று ஸ்காட்லாந்து 2024 ஆம் ஆண்டில் அறிவித்தது.

இவ்வெண்களில் இருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. முதலாவது, பள்ளிப் பருவமே இத்தடுப்பூசிக்கு மிகப் பொருத்தமான காலம். இரண்டாவது, அதனைத் தவறவிட்டவர்களுக்கும் கணிசமான பயன் உண்டு. பாலுறவில் இதுவரை ஈடுபடாத கல்லூரி மாணவருக்கு வைரசை எதிர்கொள்வதற்கு முன்னரே பாதுகாப்புக் கிடைக்கின்றது. ஈடுபட்டவருக்கும், தடுப்பூசியில் உள்ள எல்லா வகைகளும் முன்னரே தொற்றியிருப்பது அரிது என்பதால், எஞ்சிய வகைகளுக்கு எதிரான பாதுகாப்புக் கிடைக்கின்றது. தடுப்பூசிக்கு முன் வைரசு உள்ளதா எனச் சோதித்துப் பார்ப்பது தேவையற்றது.

தொடக்கத்தில் அனைவருக்கும் ஆறு மாதங்களில் மூன்று தவணைகள் இடப்பட்டன. பின்னர் 15 வயதுக்குட்பட்டோருக்கு இரண்டு தவணைகளே போதுமானவை எனக் கண்டறியப்பட்டது. 2022 ஆம் ஆண்டு திசம்பரில் உலக சுகாதார அமைப்பு, 9 முதல் 20 வயது வரையான பெண்களுக்கு ஒன்று அல்லது இரண்டு தவணைகளும், 21 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இரண்டு தவணைகளும் போதும் எனப் பரிந்துரைத்தது. எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்குக் குறைந்தது இரண்டு, இயன்றால் மூன்று தவணைகள் வேண்டும். கென்யாவில் 15 முதல் 20 வயது வரையான இளம்பெண்களிடம் நடத்தப்பட்டு 2022 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், ஒரு தவணை மட்டும் பெற்றவர்களிடமும் 16, 18 ஆம் வகைகளின் நிலைத்த தொற்று 97 விழுக்காட்டுக்கு மேல் தடுக்கப்பட்டது. எனினும் தயாரிப்பாளரின் ஒப்புதல் அட்டவணையும் நாட்டின் பரிந்துரையும் வேறுபடலாம். செர்வாவேக் தடுப்பூசி இந்தியாவில் 9-14 வயதினருக்கு இரண்டு தவணைகளாகவும், 15-26 வயதினருக்கு மூன்று தவணைகளாகவும் ஒப்புதல் பெற்றது.

மாணவரின் அறிவு பற்றிய ஆய்வுகள்

மாணவரின் நலவாழ்வு அறிவு பெரும்பாலும் வினாத்தாள்கள் மூலம் அளவிடப்படுகின்றது. அறிவு, மனப்பாங்கு, நடைமுறை ஆகிய மூன்றையும் தனித்தனியே கேட்டறிவது வழக்கம். வைரசு பற்றி என்ன தெரியும், தடுப்பூசியை எவ்வாறு கருதுகின்றனர், அதனைப் பெற்றுள்ளனரா என்பன முறையே இம்மூன்றிலும் அடங்கும். இத்தகைய ஆய்வுகள் பல நாடுகளில் நடத்தப்பட்டுள்ளன. ஒரு கல்லூரியில் கிடைத்த விழுக்காடு மற்றொன்றுக்குப் பொருந்தாது. ஆனால் சில பொதுப் போக்குகள் திரும்பத் திரும்பக் காணப்படுகின்றன. மாணவியர் மாணவரைவிடவும், மருத்துவம், செவிலியம் பயில்வோர் பிற துறையினரைவிடவும் கூடுதலாக அறிந்துள்ளனர். புற்றுநோயின் பெயரைக் கேள்வியுற்றவர் பலராகவும், அதற்கு ஒரு வைரசு காரணம் என்பதை அறிந்தவர் சிலராகவும், தடுப்பூசி பெற்றவர் மிகச் சிலராகவும் இருப்பது, பள்ளித் திட்டம் இல்லாத நாடுகளில் வழக்கமாகக் காணப்படும் நிலையாகும்.

மாணவரிடையே பொதுவாகக் காணப்படும் தவறான கருத்துகளும் அவற்றுக்கான விளக்கங்களும் வருமாறு:

* எச்.பி.வி, எச்.ஐ.வி இரண்டும் ஒன்று: பெயரில் ஒலியொற்றுமை இருப்பினும் இவை முற்றிலும் வேறான வைரசுகள். எச்.பி.வி எயிட்சு நோயை உண்டாக்குவதில்லை.
* தொற்று இருந்தால் அறிகுறி தெரியும்: உயர் இடர் வகைகள் பொதுவாக எவ்வித அறிகுறியையும் காட்டுவதில்லை. அறிகுறி இல்லாமை தொற்று இல்லாமைக்குச் சான்று ஆகாது.
* ஒழுக்கம் தவறியோருக்கே இந்நோய் வரும்: வாழ்நாளில் ஒரே துணையுடன் வாழ்பவருக்கும் அத்துணையின் வழியாகத் தொற்று வரலாம். தொற்று பல ஆண்டுகள் மறைந்திருக்கக்கூடும் என்பதால், அது கண்டறியப்படுவதை அண்மைக்கால நடத்தைக்குச் சான்றாகக் கொள்ளவும் இயலாது.
* தடுப்பூசி பாலியல் நடத்தையைத் தூண்டும்: தடுப்பூசி பெற்ற இளையோரையும் பெறாதோரையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் அத்தகைய விளைவு காணப்படவில்லை.
* தடுப்பூசி கருவுறும் திறனைக் கெடுக்கும்: இதற்குச் சான்று இல்லை. மாறாக, புற்றுநோய்க்கும் அதற்கு முந்தைய நிலைக்கும் செய்யப்படும் சிகிச்சைகளே கருவுறுதலையும் மகப்பேற்றையும் பாதிக்கக்கூடும்.
* தடுப்பூசி பெற்றவருக்குப் பரிசோதனை தேவையில்லை: தடுப்பூசி எல்லா உயர் இடர் வகைகளையும் தடுப்பதில்லை. உரிய வயதில் பரிசோதனை தேவை.
* பள்ளிப் பருவம் கடந்துவிட்டால் பயனில்லை: மேலே கூறிய ஆய்வுகள் இதனை மறுக்கின்றன.

அறிவுக்கும் செயலுக்கும் உள்ள இடைவெளி

அறிந்தவர் அனைவரும் தடுப்பூசி பெறுவதில்லை. இதனை விளக்குவதற்கு நலவாழ்வு நம்பிக்கைப் படிமம் என்னும் கோட்பாடு பெரிதும் பயன்படுத்தப்படுகின்றது. 1950-களில் காசநோய்க்கான இலவச ஊடுகதிர்ப் பரிசோதனைக்குக்கூட மக்கள் வாராததன் காரணத்தை ஆராய்ந்த அமெரிக்கச் சமூக உளவியலாளர்கள் இதனை உருவாக்கினர். இதன்படி ஒருவர் நலம் காக்கும் செயலில் ஈடுபடுவது, நோய் தமக்கு வரக்கூடும் என்னும் எண்ணம், அந்நோய் கடுமையானது என்னும் எண்ணம், செயலால் பயன் உண்டு என்னும் நம்பிக்கை, அதற்குள்ள தடைகள், செயலைத் தூண்டும் குறிப்பு ஆகியவற்றைப் பொறுத்தது.

கல்லூரி மாணவரிடம் இவற்றுள் முதலாவதே பெரும்பாலும் வலுவற்று உள்ளது. இருபது ஆண்டுகள் கழித்து வரக்கூடிய நோயை இருபது வயதில் தமக்குரியதாக எண்ணுவது இயல்பன்று. தடைகளுள் விலை முதன்மையானது. அரசுத் திட்டங்கள் பொதுவாகப் பள்ளி வயதினருக்கே உரியவை. அவ்வயதைக் கடந்தோர் இந்தியா போன்ற நாடுகளில் தனியார் மருத்துவமனைகளில் பணம் செலுத்திப் பெற வேண்டியுள்ளது. சட்டப்படி தாமே முடிவெடுக்கும் உரிமை இருந்தும், செலவுக்குப் பெற்றோரைச் சார்ந்துள்ள மாணவி, இத்தடுப்பூசி எதற்கு என்று வீட்டில் விளக்க வேண்டியவராகின்றார். பாலுறவால் பரவும் வைரசு என்று கூறத் தயங்குவோருக்குப் புற்றுநோய்த் தடுப்பூசி என்னும் பெயர் உதவுகின்றது. அது உண்மையான பெயரும் ஆகும்.

மருத்துவர் ஒருவரின் நேரடிப் பரிந்துரையே தடுப்பூசி பெறுவதற்கு வலுவான தூண்டுகோல் என்பது பல ஆய்வுகளில் கண்டறியப்பட்டுள்ளது. உடல்நலமுள்ள கல்லூரி மாணவர் மருத்துவரிடம் செல்வது அரிது என்பதால் அத்தூண்டுகோல் அவர்களுக்குக் கிடைப்பதில்லை. கல்லூரி நலமையங்களும், நாட்டு நலப்பணித் திட்டம் போன்ற மாணவர் அமைப்புகளும் இக்குறையை ஓரளவு ஈடுசெய்யக்கூடியவை.

ஆண் மாணவர்கள்

ஆண்களுக்குக் கருப்பை வாய் இல்லாமையால் இத்தடுப்பூசி தமக்குரியதன்று என மாணவர் பலர் கருதுகின்றனர். ஆயினும் தொண்டைப் பகுதி, ஆசனவாய், ஆண்குறி ஆகியவற்றில் ஏற்படும் புற்றுநோய்களில் ஒரு பகுதிக்கும் பிறப்புறுப்பு மருக்களுக்கும் இவ்வைரசே காரணமாகும். ஆண்களிடம் இத்தொற்றுக்கான வழக்கமான பரிசோதனை முறை எதுவும் இல்லை. ஆஸ்திரேலியா 2013 ஆம் ஆண்டிலும், ஐக்கிய இராச்சியம் 2019 ஆம் ஆண்டிலும் சிறுவரைத் தம் பள்ளித் திட்டங்களில் சேர்த்துக்கொண்டன. ஐக்கிய அமெரிக்காவின் தடுப்பூசி அறிவுரைக் குழு, 26 வயது வரை இருபாலருக்கும் இதனை 2019 ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. செர்வாவேக் தடுப்பூசியும் இருபாலருக்கும் ஒப்புதல் பெற்றதாகும். தடுப்பூசி குறைவாக உள்ள இடங்களில், புற்றுநோய்ச் சுமையைப் பெரிதும் தாங்கும் பெண்களுக்கே முதலிடம் அளிக்குமாறு உலக சுகாதார அமைப்பு கூறுகின்றது.

இந்தியாவில்

2009 ஆம் ஆண்டு சூலையில் அப்போதைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்திலும், பின்னர்க் குசராத்தின் வதோதரா மாவட்டத்திலும் 10 முதல் 14 வயது வரையான சிறுமியரிடம் ஒரு செயல்விளக்கத் திட்டம் நடத்தப்பட்டது. தடுப்பூசி பெற்ற சிறுமியருள் ஏழு பேர் இறந்த செய்தி வெளியானதைத் தொடர்ந்து, 2010 ஆம் ஆண்டு ஏப்ரலில் இத்திட்டம் நிறுத்தப்பட்டது. இறப்புகளுக்குத் தடுப்பூசி காரணம் அல்ல என விசாரணையில் தெரியவந்தது. நீரில் மூழ்குதல், பாம்புக்கடி, மலேரியா போன்றவை காரணங்களாகப் பதிவாயின. ஆயினும் ஒப்புதல் பெற்ற முறையில் கடுமையான குறைகள் இருந்தன. விடுதிகளில் தங்கிப் பயின்ற சிறுமியர் பலருக்குப் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளரோ தலைமையாசிரியரோ கையொப்பம் இட்டிருந்தனர். நாடாளுமன்ற நிலைக்குழு 2013 ஆம் ஆண்டு ஆகத்தில் அளித்த அறிக்கையில் இதனை வன்மையாகக் கண்டித்தது.

தடுப்பூசியில் பிழை காணப்படாதபோதும், அதனைப் பெறுவோருக்கும் பெற்றோருக்கும் விளக்கம் அளிக்கப்படாமையால் எழுந்த ஐயம் இந்தியாவில் நீண்டகாலம் நிலைத்தது. அவ்வாண்டுகளில் பள்ளி வயதில் இருந்த பெண்களுள் மிகப் பெரும்பாலோர் இத்தடுப்பூசியைப் பெறாமலேயே கல்லூரிகளுக்குச் சென்றனர்.

இதே நிறுத்தம் எதிர்பாராத ஓர் அறிவியல் பயனையும் அளித்தது. அப்போது இந்தியாவில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை நடத்திய வேறொரு ஆய்வும் பாதியில் நிறுத்தப்பட்டது. அதில் 10 முதல் 18 வயது வரையான ஏறத்தாழ 17,700 பெண்கள் பங்கேற்றிருந்தனர். இரண்டு அல்லது மூன்று தவணைகள் பெற வேண்டியிருந்த அவர்களுள் ஏறத்தாழ 5,000 பேர் ஒரே தவணையுடன் நின்றனர். அவர்களைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, நிலைத்த தொற்றுக்கு எதிரான பாதுகாப்பு மற்றவர்களுக்கு இணையாக 95 விழுக்காட்டளவில் இருந்தது. 2021 ஆம் ஆண்டில் வெளியான இம்முடிவு, ஒற்றைத் தவணைப் பரிந்துரைக்கு முக்கியச் சான்றுகளுள் ஒன்றாயிற்று.

2018 ஆம் ஆண்டில் சிக்கிம் மாநிலம், பெற்றோர், ஆசிரியர், ஊடகத்தார் ஆகியோருக்கு முன்கூட்டியே விளக்கம் அளித்த பின்னர்ப் பள்ளிச் சிறுமியருக்குத் தடுப்பூசி வழங்கியது. உரிய வயதினருள் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் அதனைப் பெற்றனர். நோய்த்தடுப்புக்கான தேசியத் தொழில்நுட்ப அறிவுரைக் குழு 2022 ஆம் ஆண்டில் இதனை நாடு முழுவதும் அறிமுகப்படுத்தப் பரிந்துரைத்தது. 2024 ஆம் ஆண்டு பெப்ரவரி 1 அன்று வெளியான இடைக்கால நிதிநிலை அறிக்கையில், 9 முதல் 14 வயது வரையான சிறுமியருக்கு இத்தடுப்பூசி ஊக்குவிக்கப்படும் என ஒன்றிய அரசு அறிவித்தது. 14 வயதுச் சிறுமியருக்குப் படிப்படியாகத் தடுப்பூசி வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2025 ஆம் ஆண்டு மார்ச்சில் தன் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. இவ்வறிவிப்புகள் குறிப்பிடும் வயது வரம்புக்குள் கல்லூரி மாணவியர் அடங்குவதில்லை.

பிற நாடுகளில்

ஜப்பான், 2013 ஆம் ஆண்டு ஏப்ரலில் இத்தடுப்பூசியை வழக்கமான திட்டத்தில் சேர்த்தது. உடல்வலி, நடைத் தடுமாற்றம் போன்ற குறைபாடுகள் பற்றிய செய்திகள் பரவியதால், இரண்டே மாதங்களில் அதற்கான நேரடிப் பரிந்துரையை நிறுத்தியது. தடுப்பூசி பெறுவோர் வீதம் சுமார் 70 விழுக்காட்டில் இருந்து 1 விழுக்காட்டுக்கும் கீழே சரிந்தது. நாகோயா நகரில் ஏறத்தாழ 30,000 இளம்பெண்களிடம் நடத்தப்பட்டு 2018 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், கூறப்பட்ட 24 குறைபாடுகளுக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பு காணப்படவில்லை. 1994 முதல் 2007 வரை பிறந்த ஜப்பானியப் பெண்களிடையே இச்சரிவினால் கூடுதலாக 5,000-க்கும் மேற்பட்ட இறப்புகள் நேரக்கூடும் என 2020 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அரசு 2022 ஆம் ஆண்டு ஏப்ரலில் பரிந்துரையை மீட்டது. அத்துடன், வாய்ப்பை இழந்து பெரும்பாலும் பல்கலைக்கழக வயதை எட்டியிருந்த பெண்களுக்கு 2025 ஆம் ஆண்டு மார்ச்சு வரை இலவசமாக வழங்கும் திட்டத்தையும் தொடங்கியது.

இலங்கை 2017 ஆம் ஆண்டில் இதனைத் தேசிய நோய்த்தடுப்புத் திட்டத்தில் சேர்த்து, ஆறாம் தர மாணவியருக்குப் பாடசாலைகளில் வழங்கத் தொடங்கியது. மலேசியா 2010 ஆம் ஆண்டிலும், சிங்கப்பூர் 2019 ஆம் ஆண்டிலும் பள்ளித் திட்டங்களைத் தொடங்கின. இந்நாடுகளில் தடுப்பூசி பெற்ற சிறுமியர் கல்லூரியை அடையும்போது அவர்களுக்குரிய வினா தடுப்பூசி பற்றியதன்று, பரிசோதனை பற்றியது.

பாதுகாப்பும் பக்க விளைவுகளும்

ஊசியிட்ட இடத்தில் வலி, சிவத்தல், வீக்கம், சிலருக்குத் தலைவலி, இலேசான காய்ச்சல் ஆகியவை பொதுவான பக்க விளைவுகள் ஆகும். இளம் வயதினருக்கு ஊசியிட்டவுடன் மயக்கம் வரக்கூடும். அது பெரும்பாலும் ஊசியைப் பற்றிய அச்சத்தால் நேர்வது. எனவே ஊசியிட்டபின் 15 நிமிடங்கள் அமர்ந்திருக்குமாறு அறிவுறுத்தப்படுகின்றது. உலக சுகாதார அமைப்பின் தடுப்பூசிப் பாதுகாப்புக் குழு, 27 கோடிக்கும் மேற்பட்ட தவணைகள் வழங்கப்பட்டிருந்த நிலையில் 2017 ஆம் ஆண்டில் சான்றுகளை ஆராய்ந்து, இத்தடுப்பூசி மிகவும் பாதுகாப்பானது என முடிவு செய்தது. கடும் ஒவ்வாமை பத்து இலட்சம் தவணைகளுக்கு ஏறத்தாழ 1.7 என்னும் அளவில் மட்டுமே காணப்பட்டது. முந்தைய தவணையில் கடும் ஒவ்வாமை ஏற்பட்டவர்கள் மீண்டும் பெறக்கூடாது. கருவுற்றிருப்போர் மகப்பேறு வரை தள்ளிவைக்குமாறு அறிவுறுத்தப்படுகின்றனர்.

பரிசோதனை

தடுப்பூசியும் பரிசோதனையும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்களைக் கண்டறிந்து நீக்கினால் புற்றுநோயைத் தவிர்க்கலாம். இதற்கு உயிரணுக்களை நுண்ணோக்கியில் ஆராயும் பாப் சோதனை, வைரசின் டி.என்.ஏ-யைக் கண்டறியும் சோதனை, அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் சோதனை ஆகியவை பயன்படுகின்றன. மூன்றாவது முறையின் பயனைக் காட்டிய ஆய்வுகளுள் ஒன்று திண்டுக்கல் மாவட்டத்தில் நடத்தப்பட்டது. 2007 ஆம் ஆண்டில் வெளியான அதன் முடிவின்படி, ஒருமுறை பரிசோதிக்கப்பட்ட பெண்கள் குழுவில் இந்நோயால் நேரும் இறப்பு 35 விழுக்காடு குறைந்தது.

பொதுவாக 30 வயதில் பரிசோதனையைத் தொடங்க உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கின்றது. எச்.ஐ.வி உள்ளவர்கள் 25 வயதிலேயே தொடங்க வேண்டும். எனவே கல்லூரி மாணவியருள் பெரும்பாலோருக்கு இப்போது பரிசோதனை தேவையில்லை. அவர்தம் தாய்மாருக்கு அது தேவை. 2020 ஆம் ஆண்டு நவம்பரில் அறிவிக்கப்பட்ட உலகத் திட்டம், 2030 ஆம் ஆண்டுக்குள் 15 வயதுக்குட்பட்ட சிறுமியருள் 90 விழுக்காட்டினருக்குத் தடுப்பூசி, 35, 45 ஆகிய வயதுகளுக்குள் 70 விழுக்காட்டுப் பெண்களுக்குப் பரிசோதனை, நோய் கண்டறியப்பட்டோருள் 90 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை ஆகிய மூன்று இலக்குகளைக் கொண்டுள்ளது. தடுப்பூசி இலக்குக்குரிய வயதைக் கடந்து, பரிசோதனைக்குரிய வயதை எட்டாத இடைப்பட்ட நிலையிலேயே கல்லூரி மாணவர்கள் உள்ளனர். இவ்விடைவெளியில் அவர்களைத் தேடி எந்தத் திட்டமும் பெரும்பாலும் வருவதில்லை என்பதால், அவர்களது சொந்த அறிவே அவர்களுக்குத் துணையாகின்றது.